புழு வாழ்ந்த காணி

ஜெய்னம்பு மாமியின் வீட்டுக்கு வருகிறவர்கள் சலாம் சொன்ன கையோடு விசாரிப்பது மாமியின் சுகத்தை அல்ல, புழுக்களின் சுகத்தை. "புழுவெல்லாம் எப்பிடி இரிக்கு, ராத்தா?" மாமியும் பெற்ற பிள்ளைகளை விசாரித்த மாதிரிச் சந்தோசப்பட்டு, "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத் தின்னுதுகள்" என்பா.

அவவுக்குப் பிள்ளை இல்லை. கலியாணம் முடித்தவர் கட்டாருக்குப் போனார். முதலில் பேரீச்சம்பழம் அனுப்பினார், பிறகு ஒரு போர்வை அனுப்பினார், கடைசியாகத் தலாக் அனுப்பினார். "ஒண்டுக்கும் நான் தபால் செலவு கட்டல்ல, மனுசனைக் குறை சொல்லக்கூடாது" என்று மாமியே சொல்லிச் சிரிப்பா. அவ சிரித்தால் நாங்களும் சிரிக்கலாம். அவ சிரிக்காமல் இருந்த ஒரு காலத்தைப் பற்றித்தான் இது.

மாமி என் வாப்பாவோடு உடன்பிறந்த மூத்த ராத்தா. வாப்பாவின் பெயர் சுஹைர். மன்னாரிலிருந்து எங்கட முஸ்லிம் ஆட்களை இயக்கத்தார் விரட்டிய தொண்ணூறாம் ஆண்டு மாமிக்குப் பதினாறு வயது, வாப்பாவுக்கு ஒன்பது. கற்பிட்டிக் கரையில் தோணி தட்டும்வரை வாப்பா மாமியின் மடியிலேயே சத்தி எடுத்துக்கொண்டு வந்தாராம். மாமிக்கு மாற்ற வேறு உடுப்பு இல்லை. "உன்ட வாப்பாட மணத்தோடதான் நான் புத்தளத்துக்கே வந்தது" என்பா. அகதி முகாமில் அவர்களுடைய உம்மா மவுத்தானதற்குப் பிறகு மாமி உப்பளத்தில் உப்பு அள்ளினா, மீன்வாடியில் கருவாடு காயப்போட்டா, தம்பியை வளர்த்தா. வாப்பாவின் கலியாணத்துக்கு மாப்பிள்ளைச் சேர்வானியைத் தைத்ததும் அவதான். ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. போட்டோவில் வாப்பா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

சண்டை முடிந்த பிறகு ஒரு நிறுவனம் பாலாவிப் பக்கத்தில் மாமி இருந்த குடியிருப்புக்கு வந்து, பெண்களுக்கு உரம் தயாரிக்கப் பழக்கி, ஆளுக்கு ஒரு பிடி மண்புழு கொடுத்துவிட்டுப் போனது. மற்றப் பெண்கள் அதைக் கோழிக்குப் போட்டார்கள். கோழிகள் அந்த நிறுவனத்துக்கு நன்றி சொல்லியிருக்கும். மாமி மட்டும் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு, குழி வெட்டி, மாட்டுச் சாணமும் வாழைத்தண்டும் போட்டு அதுகளைப் பெருக்கினா. கற்பிட்டி மணலில் மிளகாயும் வெங்காயமும் போடுகிற ஆட்கள் மோட்டார் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

உரத்தைவிட மாமிக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தது தேங்காய்ச் சிரட்டைதான். புதுக் காணி எடுக்கிற யாரும் முதலில் மாமியிடம் வருவார்கள். மாமி ஒரு சிரட்டையில் கொஞ்சம் உரமும் பத்துப் பன்னிரண்டு புழுவும் போட்டுக் கொடுப்பா. சிரட்டைக் கண்ணைப் பெரிதாகத் தோண்டியிருப்பா. அதை அந்தக் காணி மண்ணில் பதித்து, ஈரச்சாக்கால் மூடிவிட்டு வர வேண்டும். விடிந்து பார்த்தால், புழு கண் வழியாக மண்ணுக்குள் இறங்கியிருந்தால் மண் நல்லது. சிரட்டைக்குள்ளேயே சுருண்டு கிடந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நொத்தாரிஸ் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதுகிறதுக்கு முதல், "சிரட்டை வச்சியா?" என்று கேட்கிற அளவுக்கு அது ஊர்ப் பழக்கமாகிவிட்டது. பொய் சொல்லுகிற தரகர் இருக்கலாம், பொய் சொல்லுகிற புழு இருக்குமா என்ன?

வாப்பாவின் தொழில் வேறு. வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வார்க்கிறது. பழைய வாகன பற்றரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தகட்டை உருக்கி, அச்சில் ஊற்றுவார். வாப்பாவின் அச்சில் ஒரு மூலை உடைந்திருந்தது. அதனால் அவருடைய குண்டு ஒவ்வொன்றிலும் ஒரு நகக்குறி மாதிரிப் பள்ளம் இருக்கும். நாங்கள் இருந்த பள்ளிவாசல்துறையில் எந்த வலையைத் தூக்கினாலும் அது சுஹைரின் ஈயமா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஈயம் உருக்குகிறது தன் கூட்டாளி இன்னாசித்தம்பியின் வளவில் என்றுதான் மாமியிடமும் உம்மாவிடமும் எங்களிடமும் சொல்லியிருந்தார். புகை நாறும், பிள்ளைகள் வரக்கூடாது என்று சொன்னதால் நாங்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

மாமி இருந்தது பள்ளிவாசலுக்குச் சொந்தமான காணியில். பள்ளி நிர்வாகம் அதில் மதரஸா கட்டப்போவதாகச் சொன்னபோது மாமிக்குப் போக இடம் இல்லை. அப்போதுதான் வாப்பா வந்தார். மன்னாரில் பாட்டனார் விட்டுப்போன தென்னங்காணியில் இரண்டு பேருக்கும் பங்கு இருந்தது. சண்டைக் காலத்தில் காடாகிப்போன அந்தக் காணியை எல்லாரும் போய்த் துப்புரவாக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ராத்தா, நீ மன்னாருக்குப் போகப் போறியா?"

"என்ட புழுவை எல்லாம் விட்டுட்டா?"

"அப்ப ஒண்டு செய்வம். உன்ட மன்னார்ப் பங்கை எனக்குத் தா. கடற்கரைப் பக்கம் எனக்கொரு துண்டுக் காணி இரிக்கு, கிணறோட. அதை நீ எடு. உனக்கெண்டு ஒரு மண்."

உனக்கென்று ஒரு மண். அகதியாக வந்த ஆளிடம் இதைச் சொன்னால் போதும், வேறு தரகர் தேவையில்லை. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டா. ஆனாலும் பழக்கத்தை விடவில்லை. சிரட்டையோடு பஸ் ஏறிப் போய் வாப்பாவின் காணியில் பதித்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கினா. காலையில் சாக்கைத் தூக்கினால் பாதிப் புழு செத்துக் கிடந்தது, மீதி சிரட்டை விளிம்பில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தது.

வாப்பா சத்தமாகச் சிரித்தார். "ராத்தா, உன்ட புழு பாலாவிப் புழு. பஸ்ஸில வெக்கையில வந்து களைச்சுப்போச்சு. கடல்காத்துக்கும் பழக்கமில்ல. இந்த மண்ணுக்குப் பழகின புழுவை வச்சுப் பாரு."

அன்று பின்னேரம் அவரே காணிக்குப் போய் ஒரு சிரட்டை நிறையப் புழு பிடித்து வந்து தந்தார். மாமி அதைப் பதித்தா. மறுநாள் சிரட்டை காலி. ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் இறங்கியிருந்தது. மாமி அந்த இடத்திலேயே நின்று, "தம்பி, நல்ல மண்டா" என்றா. உறுதி எழுதினார்கள். மாமி அங்கே ஒரு சின்னக் கொட்டில் போட்டு, முழங்கால் ஆழத்துக்குக் குழிகள் வெட்டினா. மேலே நல்ல செம்மண். கடற்கரை மணலில் செம்மண் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தம்பியின் காணி, செம்மண் என்ன, தங்கமே இருந்தாலும் மாமி தம்பியின் நல்ல மனசுக்குத்தான் நன்றி சொல்லியிருப்பா.

பாலாவியிலிருந்து கொண்டுவந்த புழுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. இடம் மாறினால் அப்படித்தான் என்று மாமி சொன்னா. காணிப் புழுக்கள் பெருகின. பிறகு உரம் எல்லாம் அதுகளின் கைங்கரியம்தான். கை இல்லாவிட்டாலும்.

நிஃப்லா தாத்தா வந்தது அதற்குப் பிந்திய வருசம். (தாத்தா என்றால் எங்களுக்கு அக்கா.) மதுரங்குளிப் பிள்ளை, கம்பஸில் படிக்கிறவ. பட்டத்துக்கு ஓர் ஆய்வு செய்யவேண்டுமாம், மண்புழுவும் உலோகமும் என்று. நகரத்துக் குப்பைமேட்டில் பிடித்த கெட்ட புழு அவவிடம் இருந்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல புழு வேண்டும். விசாரித்தபோது எல்லாரும் மாமியைக் காட்டியிருக்கிறார்கள். நல்ல புழுவுக்கு உதாரணமாக மாமியின் புழு! மாமிக்குப் பிடிபடாத பெருமை. வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தா. நான் இரண்டு புழுவை அந்தத் தாத்தாவின் பேனைப் பெட்டிக்குள் விட்டேன். அவ பதறவில்லை. "இதையும் சேத்து எண்ணிக்கொள்ளுறன்" என்று போத்தலுக்குள் போட்டுக்கொண்டா. அதிலிருந்து எனக்கு அவவைப் பிடிக்கும்.

சில மாதம் கழித்து அவ திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. கதிரையில் இருந்தவ, கொடுத்த பிளேன்ரீயைத் தொடவில்லை.

"மாமி, நான் ரெண்டு தரம் செய்து பாத்தன். பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சன். பிழையில்ல."

"என்ன மகள்?"

"உங்கட புழுவுக்குள்ள ஈயமும் கட்மியமும் இரிக்கு. குப்பைமேட்டுப் புழுவை விடக் கூட."

மாமி சிரித்தா. "புழு எப்பிடிக் கொழுத்து இரிக்கெண்டு பாத்தீங்கதானே? விஷம் உள்ள புழு செத்தெல்லோ போகும்?"

"அதுதான் மாமி விசயமே. அதுகள் சாகாமல் இரிக்கப் பழகிட்டுதுகள்."

பிறகு அவ சொன்னதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்லுகிறேன். ஓ.எல். சோதனையில் விஞ்ஞானம் எனக்கு எஸ், அதாவது ஒட்டுப் பாஸ், கணிதம் பெயில். அதற்கேற்ற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

புழுவின் உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் என்னென்ன செய்யவேண்டும் என்று எழுதின நீளமான பாடம் ஒன்று இருக்கிறது. ஆனால் எல்லாப் பக்கத்தையும் எந்நேரமும் கலம் வாசிப்பதில்லை. ("என்னை மாதிரி," என்றேன். "நீ ஒரு பக்கமும் வாசிக்கல்ல," என்றா மாமி.) கட்மியம் உள்ளே வந்தால், அந்தப் பாடத்தில் நித்திரையாகக் கிடந்த ஒரு பக்கம் முழித்துக்கொள்ளும். கலம் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, திரும்பவும் பிரதி எடுத்து, அதைப் பார்த்து ஒரு புரதத்தைச் செய்யும். மெட்டலோதயோனீன் என்று பெயர்.

"மருந்துக்கடையில விக்கிற சாமான் மாதிரி இரிக்கு" என்றா மாமி.

"மருந்து மாதிரித்தான். அந்தப் புரதத்தில கந்தகம் கூட. கந்தகம் உலோகத்தைக் கண்டா விடாது, நண்டு கவ்வின மாதிரிக் கவ்வும். கவ்வினா அந்தக் கட்மியத்தால உடம்பில மற்ற இடத்தைக் கெடுக்கேலாது. ஈயத்துக்கு வேற வழி. குடலைச் சுத்தி மஞ்சள் சதை ஒண்டு இரிக்கு. அதுக்குள்ள சுண்ணாம்புச் சத்தோட சேத்துக் குறுணி குறுணியாக் கட்டி ஒளிச்சு வச்சிரும்."

"அந்தப் பக்கத்தை ஆரு எழுப்பிறது?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"புழுவில அது எப்பிடி நடக்குதெண்டு இன்னும் முழுசாத் தெரியாது. ஆனா எழும்பினதை அளக்கலாம். நான் பிரதிகளைத்தான் அளந்தன். மதுரங்குளியில எங்கட வளவுப் புழுவில அது கொஞ்சம். குப்பைமேட்டில கூட. உங்கட புழுவில அந்தப் பக்கம் மூடவே இல்ல மாமி. பரம்பரை பரம்பரையா அந்த மண்ணில கிடந்த புழு மாதிரி. பலவீனமானதெல்லாம் முதலே செத்து, தாக்குப்பிடிச்சதுட பிள்ளைகள்தான் இப்ப இரிக்கு. அதுக்கும் சும்மா இல்ல. சத்தெல்லாம் அந்த வேலைக்குப் போகுது. முட்டைக்கூடு குறைஞ்சு இரிக்குமே?"

கூடு குறைந்துதான் இருந்தது. வெயிலால் என்று மாமி நினைத்திருந்தா.

"அப்ப, புழு உள்ளுக்கு இறங்கினா மண் நல்லதெண்டு..."

"சுத்தமான மண்ணில வளந்த புழு இறங்கினா ஓரளவுக்கு நம்பலாம். இந்த மண்ணில வளந்த புழு இந்த மண்ணைப் பத்திச் சாட்சி சொல்லாது மாமி. அது பழகினது."

பழகினது. வாப்பாவின் வாயிலிருந்து வந்த அதே சொல். மாமி மெதுவாக எழும்பி, கொட்டிலுக்குள் போய், நிலம் தோண்டுகிற அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தா.

மூன்று பேரும் சேர்ந்துதான் தோண்டினோம். உரக்குழியின் அடியில், செம்மண் முடிகிற இடத்தில், மண் சாம்பல் நிறமாகியது. அதற்குக் கீழே கறுப்புப் பிளாஸ்ரிக், உடைத்த பற்றரிக் கூடுகள். கரண்ட் போனால் எரிகிற லைட்டுக்குள் இருக்கிற சின்ன பற்றரிகள்கூட, நெருப்பில் வெடித்தபடி. கட்மியம் அதிலிருந்துதான் என்று நிஃப்லா தாத்தா சொன்னா. பிறகு அலவாங்கு நங்கென்று ஒன்றில் பட்டது. மாமி குனிந்து எடுத்துத் தாவணியால் துடைத்தா. பாதி ஊற்றின ஈயக்குண்டு. ஒரு மூலையில் நகக்குறி மாதிரிப் பள்ளம்.

பள்ளிவாசல்துறையில் அந்தக் குறியைத் தெரியாத ஆள் இல்லை. அந்த நேரம் எனக்காவது தெரியாமல் இருந்திருக்கலாம்.

மாமி அன்றே வேலிப் படலையைக் கட்டி அடைத்தா. உரம் வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினா, கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினா, முன்பு உரம் கொண்டுபோன ஆட்களின் வீடுகளுக்குத் தானே போய் இனிக் கீரைக்குப் போட வேண்டாம் என்று சொன்னா. சிலர் ஏசினார்கள். சிலர், "புழுவே வாழுது ராத்தா, எங்களுக்கென்ன?" என்று சிரித்தார்கள். இவ்வளவும் முடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தா. வாப்பா வாசலில் இருந்து வலைக்கு ஈயம் கோர்த்துக்கொண்டிருந்தார்.

மாமி அந்தக் குண்டை அவர் முன்னால் வைத்தா. வாப்பா அதைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கேட்டிருந்தால்கூட நான் கொஞ்ச நேரம் நம்பியிருப்பேன்.

"இன்னாசித்தம்பிட வளவில எண்டு சொன்னாய்."

"அங்கயும்தான் உருக்கினது." வாப்பா ஒரு சின்ன ஈயத்தை எடுத்துப் பல்லால் கடித்துக் காட்டினார். கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கடித்துக் கட்டுவார்கள். "இந்தா பாரு, நான் செத்தனா? ஒரு பொட்டைப்பிள்ளை கம்பஸில படிச்சிட்டு வந்து ஏதோ சொன்னா, ஈயம் என்ன பாம்பா?"

"நான் வச்ச புழு செத்தது."

"பஸ்ஸில வந்த புழு..."

"சுஹைர். நீ கொண்டுவந்த புழுவை எங்க பிடிச்சாய்?"

"காணியிலதான்."

"காணியில எங்க?"

வாப்பா வலையைத் தடவினார். "பின்னுக்கு, வாழையடியில."

"தகடு கழுவின தண்ணி போற இடத்தில."

வாப்பா இன்னொரு ஈயத்தை எடுத்து வலையில் கோர்த்தார்.

"செம்மண்ணை ஆரு போட்டது?"

உம்மா குசினி வாசலில் வந்து நின்றா. மாமி சத்தம் போடவில்லை. "என்ட புழு செத்ததை நீ பாத்தாய். பாத்ததாலதான் வேற புழு கொண்டுவந்தாய். என்ட சிரட்டையாலயே என்னை ஏமாத்தினாய், என்னடா?"

வாப்பாவுக்குக் கோபம் வந்தது. பிடிபட்டால் ஆம்பிளைகளுக்கு முதலில் வருகிறது அதுதான். "எனக்கு நாலு பிள்ளை. மன்னார்க் காணி முழுசா இரிந்தாத்தான் ஒரு தென்னந்தோட்டம் எண்டு சொல்லலாம். உனக்கு ஆரு இரிக்கா ராத்தா? நீ அந்தப் பங்கை வச்சு ஆருக்கு விட்டிட்டுப் போகப் போறாய்?"

அந்த நாலு பிள்ளையில் மூத்த மகள் நான். அந்த நேரம் மூன்று என்று எண்ணிக்கொள்ளச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

மாமி போய்விட்டா. செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிப் போய்க் கொடுத்தேன். "செருப்பில்லாம நடக்க நல்லாத்தான் இரிந்தது" என்றா, பகிடி மாதிரி. அவவுடைய முகம் பகிடி சொல்லுகிற முகமாக இல்லை.

அதோடு முடிந்திருந்தால் வாப்பாவை ஒரு கள்ளன் என்று மட்டும் சொல்லலாம். அவர் கொஞ்ச நாளில் மாமியிடம் போனார், மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் குனிந்துகொண்டு. பாலாவி வீட்டுத்திட்டத்தில் ஹாசிம் என்றொரு ஓட்டோக்காரர் இருந்தார். அவருக்கு அங்கே ஒரு துண்டுக் காணி. கீரை போடவும் மீன் காயப்போடவும் கடற்கரைப் பக்கம் ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார். மாமி உரம் விற்கிறதை நிறுத்தின கதை அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

"மாத்துக்கு மாத்து ராத்தா. அவன்ட பாலாவிக் காணி உனக்கு, சுத்தமான மண். இது அவனுக்கு. உனக்கும் ஒரு நட்டமும் இல்ல. நான் செய்த பிழையை நானே சரிக்கட்டித் தாறன்."

"அவன் சிரட்டை வைப்பான்."

"வைக்கட்டுமே" என்றார் வாப்பா.

மாமி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். அவ வானத்து மலக்கு இல்லை, மனுசி. மன்னாரில் இருந்தது போய்விட்டது, பள்ளிக்காணி போய்விட்டது, கொட்டில் போட்டிருந்த இடம் விஷம். திரும்பவும் புழு வளர்க்க உலகத்தில் அவவுக்கு மிஞ்சக்கூடிய ஒரே இடம் ஹாசிமின் அந்தத் துண்டுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் கிடைக்கும்.

ஹாசிம் பின்னேரம் வந்து சிரட்டையைப் பதித்துவிட்டுப் போனார். புழு வாப்பா கொடுத்தது. மாமி அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை, கடலைக் கோதை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே இருந்தா. நான் அவவோடு இருந்தேன்.

காலையில் ஹாசிம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு வயது இருக்கும். வந்த உடனே குழிக்கரையில் குந்திச் செம்மண்ணை அள்ளிச் சோறாக்கத் தொடங்கிவிட்டாள். வாப்பா சாக்கைத் தூக்கினார். சிரட்டை காலி.

"மாஷா அல்லாஹ்!" ஹாசிமுக்கு வாயெல்லாம் பல். "ராத்தா, உங்கட புழு கையெழுத்தே போட்டிட்டு. இனி நொத்தாரிஸ் என்னத்துக்கு?" பிறகு கொஞ்சம் மரியாதையாக, "இரிந்தாலும் உங்கட வாயால ஒரு சொல்லு சொல்லுங்க. உங்கட சொல்லுக்காகத்தான் வந்தது."

வாப்பா மாமியைப் பார்த்தார். சின்ன வயதில் களவாகச் சீனி தின்றுவிட்டு, உம்மாவிடம் சொல்லாதே என்று பார்ப்பாராம். அதே பார்வைதான் என்று மாமி பிறகு எனக்குச் சொன்னா.

சின்னவள் விரலை வாய்க்குள் வைத்தாள்.

மாமி போய் அவளைத் தூக்கிக்கொண்டா. "ஹாசிம், இது இந்த மண்ணில பிறந்த புழு. இது நஞ்சுக்குள்ளயும் இறங்கும். இதுக்கு அடியில பற்றரி தாட்டிரிக்கு, ஈயம் உருக்கின இடம் இது. உங்களுக்கு இந்தக் காணி வேணாம்."

"ராத்தாவுக்கு மூளை குழம்பிட்டு" என்று வாப்பா சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

"சுஹைர் நானா, நீங்க ஒண்டும் சொல்லல்லையே..." ஹாசிமின் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. இரண்டு பேரும் ஒரே முகாமில் ஒரே தகரத்தின் கீழ் வளர்ந்தவர்கள்.

"பிறகு சண்டை பிடியுங்க" என்றா மாமி. "முதல்ல மகளின்ட கையைக் கழுவணும். கிணத்துத் தண்ணியில வேணாம். உள்ள போத்தல் தண்ணி இரிக்கு, சவுக்காரம் அலுமாரிக்கு மேல."

ஹாசிம் போனதும் வாப்பா வேலியில் ஒரு கிடுகைப் பிடுங்கி எறிந்தார். "உனக்குக் கிடைக்க இரிந்த மண்ணை நீயே உதைச்சுத் தள்ளினாய். இனி எனக்கு நீ ராத்தா இல்ல."

"அது உனக்கு இண்டைக்கா தெரிஞ்சது?" என்றா மாமி.

வாப்பா மன்னாருக்குக் குடிபோக முடிவெடுத்தார். இங்கே யாரும் அவரிடம் ஈயம் வாங்கவில்லை என்பதும் ஒரு காரணம். அதை அவர் சொல்லவில்லை. நாங்கள் இருந்த வீடு உம்மாவின் சீதன வீடு. அதை வாடகைக்கு விட ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து வாப்பாவின் முன்னால் சத்தம் போடாத உம்மா, மீன் வெட்டிக்கொண்டே சொன்னா: "ஆள் பாக்கத் தேவையில்ல. ஜெய்னம்பு மச்சி இரிக்கட்டும். என்ட வாப்பா எனக்குத் தந்த வீடு." கத்தி பலகையில் விழுந்த சத்தத்தோடு வாப்பா எழும்பி வெளியே போய்விட்டார். நானும் அந்த வாய்ப்பில், ஓ.எல். திரும்ப எழுத வேண்டும், மன்னாரில் படிப்பு சரிவராது என்று சொல்லி நின்றுவிட்டேன். நான் படிப்புக்காக நிற்கிறேன் என்றதைக் கேட்டு என் தம்பிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை.

கடற்கரைக் காணியைச் சுற்றி மாமி முள்ளு அடைத்தா. தமிழிலும் சிங்களத்திலும் பலகை எழுதி வைத்தோம், இங்கே ஒன்றும் நடவேண்டாம், பிள்ளைகளை விடவேண்டாம் என்று. உறுதி மாமியின் பெயரில்தான் இருக்கிறது. அவவுக்கென்று ஒரு மண்.

லொறி வந்த நாள் மாமி சோற்றுப் பார்சல்களோடு வாசலில் நின்றா. உம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தா. "இது சின்னவனுக்கு, முள்ளு எடுத்துத்தான் வச்சிரிக்கன். இது உறைப்பு, பெரியவனுக்குக் குடு." டிரைவருக்கும் ஒன்று இருந்தது. வாப்பா முன் சீட்டில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருக்கும் ஒன்று வைத்திருந்தா. அதை அவரிடம் கொடுக்காமல் உம்மாவின் மடியில் வைத்தா.

"ராத்தா," என்றார் வாப்பா. அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஏதோ இருந்திருக்க வேண்டும், லொறி சத்தத்தில் கேட்கவில்லை. இல்லாவிட்டால் இருக்கவே இல்லை. மாமி டிரைவரைப் பார்த்து, "பிள்ளைகள் இரிக்கு, மெல்லமா ஓட்டுங்க" என்றா. பிறகு உள்ளே போய்விட்டா. லொறி திரும்பும் வரைக்கும்கூட நிற்கவில்லை.

நான் நின்றேன். பின்னால் கட்டியிருந்த கதிரைகளுக்கு மேலே தம்பி கையைக் காட்டினான், நானும் காட்டினேன். சந்தியில் அது திரும்பினதும் உள்ளே போனேன். மாமி அரிசி களைந்துகொண்டிருந்தா.

"கண்ணில என்ன?"

"தூசு விழுந்திட்டு."

"தார் ரோட்டில என்ன தூசுடி?" என்று கேட்டா. கேட்டுவிட்டு, திரும்பாமலே தாவணித் தலைப்பை என் பக்கம் நீட்டினா. அது ஏற்கனவே நனைந்திருந்தது.